இலக்கியம் நிறைந்த அலமாரியும் இல்லாத கணக்கு நூலும்

பழனியம்பதியில் 1836-ஆம் ஆண்டு பிறந்து, மூன்றாம் வயதிலேயே அம்மை நோயினால் கண்ணொளியை இழந்தவர் மாம்பழக் கவிச்சிங்க நாவலர். பின்னாளில் இராமநாதபுரம் பொன்னுசாமித் தேவரின் ஆதரவைப் பெற்று, சேது நாட்டு அவையிலே புலவர் பலர் நடுவில் சிங்கமெனத் திகழ்ந்தார் என்பது தமிழன்பர் அறிந்த செய்தி. கண்ணில்லாத ஒருவர் இத்துணைப் புலமையை எங்ஙனம் பெற்றார்? யாரோ ஒருவர் அருகில் அமர்ந்து ஏட்டைப் பிரித்து வாய்விட்டுப் படித்தார். இவர் கேட்டு நெஞ்சில் பதித்துக் கொண்டார்.

அவருக்குப் படித்துக் காட்டப்பெற்றவை இலக்கணமும் இலக்கியமும் புராணமுமே. புலவராக விரும்பியவருக்கு அவை போதும். ஆனால் அதே காலத்தில், அதே பழனியில், கண்ணில்லாத மற்றொரு சிறுவன் வானநூலையோ வழக்குமன்றச் சட்டத்தையோ கற்க விரும்பியிருந்தால் அவன் நிலை என்னவாகியிருக்கும்? படித்துக் காட்டுபவர் தமக்குத் தெரிந்ததைத்தானே படித்துக் காட்டுவார்! கேட்பவரின் கல்வி, படிப்பவரின் விருப்பத்தினால் எல்லை கட்டப்பட்டு விடுகிறது. நூற்றைம்பது ஆண்டுகள் சென்ற பின்னும் இந்த எல்லை முற்றும் நீங்கிவிடவில்லை என்பதை நம் குடும்பங்கள் அறிய வேண்டும் என்பதற்காகவே இக்கட்டுரை எழுதப்படுகிறது.

பார்வையற்றோர்க்கான நூலகம் என்றால் அச்சுப் புத்தகங்களை வாங்கி அடுக்கிய இடமன்று. ஒவ்வொரு நூலையும் புள்ளி எழுத்தாகவோ, ஒலிப்பதிவாகவோ, கணினி வாய்விட்டுப் படிக்கத்தக்க எழுத்துக் கோப்பாகவோ மாற்றியாக வேண்டும். இவ்வேலையைச் செய்ய உலகெங்கும் முன்வந்தவர்கள் பெரும்பாலும் ஊதியம் பெறாத தொண்டர்களே. இங்கிலாந்தில் 1882-ஆம் ஆண்டு மார்த்தா அர்னால்டு என்னும் பார்வையற்ற பெண்மணி தொடங்கிய இரவல் நூலகம், தன்னார்வப் பெண்மணிகள் கையால் குத்திக் கொடுத்த புள்ளி எழுத்துப் பிரதிகளைக் கொண்டே வளர்ந்தது. நம் தமிழகத்தில் 1890-ஆம் ஆண்டு பாளையங்கோட்டையில் ஆஸ்க்வித் அம்மையார் பார்வையற்றோர் பள்ளியைத் தொடங்கியபோது, தமிழுக்குப் புள்ளி எழுத்து முறையையே அவர் அமைத்துக் கொள்ள வேண்டியிருந்தது. எழுத்தே இல்லாதபோது நூலுக்கு எங்கே போவது? இந்திய மொழிகள் யாவற்றுக்கும் பொதுவான பாரதி பிரெயில் முறை உருவாகி நிலைபெற்றது 1951-இல்தான்.

தொண்டரின் உழைப்பு தூயது; அதில் ஐயமில்லை. ஆயினும் தொண்டர் ஒருவர் மாலை வேளையில் ஒரு மணி நேரம் ஒதுக்கி ஒரு நூலைத் தட்டச்சு செய்ய அமரும்போது, தாம் நேசிக்கும் நூலையே எடுத்துக் கொள்கிறார். இது மனித இயல்பு. 1998-ஆம் ஆண்டுப் பொங்கல் நாளில், சுவிட்சர்லாந்தில் வாழும் முனைவர் கு. கலியாணசுந்தரம் அவர்களின் முயற்சியால் மதுரைத் திட்டம் தொடங்கியது. உலகெங்கும் உள்ள தமிழர்கள் தத்தம் வீட்டிலிருந்தே தட்டச்சு செய்து அனுப்பிய நூல்கள் அதில் தொகுக்கப்பட்டன. பார்வையற்றோரை மனத்திற் கொண்டு தொடங்கப்பட்டதன்று அது. எனினும் அதன் நூல்கள் படங்களாக இல்லாமல் எழுத்துகளாக இருப்பதனால், ஒருங்குறி முறைக்கு மாறிய பின் அவற்றைக் கணினியின் குரல் படித்துக் காட்டுகிறது. சங்க நூல்கள், திருமுறைகள், பிரபந்தங்கள், சிற்றிலக்கியங்கள், பின்னர் நாவல்களும் சிறுகதைகளும் என அந்த அலமாரி செழித்து நிற்கிறது. மாம்பழக் கவிச்சிங்கர் இன்று வாழ்ந்திருந்தால் உள்ளம் பூரித்திருப்பார். ஆனால் பதினோராம் வகுப்பில் வணிகவியல் சேர்ந்த பார்வையற்ற மாணவி ஒருத்தி அங்கே சென்றால், கணக்குப்பதிவியல் நூல் ஒன்றைத் தேடி வெறுங்கையுடன் திரும்ப வேண்டியதே.

நம் திருச்சபையின் நிலையும் இதற்கு விலக்கன்று. பார்வையற்றோர்க்கு ஏதேனும் ஒலிப்பதிவு செய்து தருவோம் என்று ஒரு பங்கில் இளையோர் கூடினால், முதலில் நினைவுக்கு வருவது செபமாலை, அடுத்தது திருப்பாடல்கள், அதற்கடுத்தது புனிதர் வரலாறு. இவை வேண்டாதவை என்று சொல்ல வரவில்லை. நியூயார்க் நகரில் 1900-ஆம் ஆண்டு இயேசு சபைத் துணையுடன் தொடங்கிய சேவியர் சங்கம், பொது நூலகங்களில் கத்தோலிக்க நூல்கள் புள்ளி எழுத்தில் கிடைக்காத குறையை நீக்குவதற்காகவே எழுந்தது. அங்கே அன்று அது வெற்றிடம்; அதை நிரப்பினார்கள். இங்கே இன்று செபமாலை பத்து முறை பதிவாகிறது. பொருளியல் ஒரு முறையும் பதிவாவதில்லை. நிரம்பிய குடத்திலேயே நீர் ஊற்றிக் கொண்டிருப்பது எவ்வகைத் தொண்டு?

எரிகோ நகர வாயிலில் வழியோரம் அமர்ந்திருந்த பர்த்திமேயுவை நினைத்துப் பாருங்கள். அவன் பார்வையற்றவன் என்பது கூட்டத்தினர் அனைவருக்கும் தெரியும், ஆண்டவருக்குத் தெரியாதா? இருந்தும் அவர், உனக்கு நான் என்ன செய்ய வேண்டும் என்று அவனையே கேட்கிறார். அவன் வாயால் சொன்ன பின்னரே அருள் செய்கிறார். பார்வையற்றோர்க்கு நூல் ஆக்கித் தர விழையும் நாம் எத்தனை பேர் இந்த ஒரு கேள்வியைக் கேட்டிருக்கிறோம்?

கேட்டவர்கள் இருக்கிறார்கள். இரண்டாம் உலகப் போரில் கண்ணிழந்த அமெரிக்கப் படைவீரர்கள் பலர், போர் முடிந்ததும் அரசின் உதவித் தொகையுடன் கல்லூரிகளில் சேர விரும்பினர். பணம் இருந்தது, பாடநூல் இல்லை. நியூயார்க் பொது நூலகத்துடன் தொடர்பு கொண்டிருந்த ஆன் மெக்டொனால்டு அம்மையாரும் தோழியரும், 1948-ஆம் ஆண்டு நூலகக் கட்டடத்தின் மாடியறையில் அமர்ந்து, வீரர்கள் கேட்ட பாடநூல்களைச் சிறு இசைத்தட்டுகளில் பதியத் தொடங்கினர். ஒரு தட்டின் ஒரு பக்கத்தில் அடங்கியது ஏறத்தாழ 12 நிமிடப் பேச்சே. ஒரு பாடநூலுக்கு எத்தனை தட்டுகள் வேண்டியிருந்திருக்கும் என்பதை நீங்களே கணக்கிட்டுக் கொள்ளலாம். அவர்கள் தமக்குப் பிடித்த நாவலைப் படிக்கவில்லை. மாணவர் நாளை வகுப்பில் திறக்க வேண்டிய பாடத்தைப் படித்தார்கள். அவ்வியக்கம் பின்னர்ப் பல நகரங்களுக்குப் பரவியது. கடினமான பாடத்தை அப்பாடம் தெரிந்தவரே படிக்க வேண்டும் என்னும் நெறியும் அதில் வேரூன்றியது.

இந்த நெறியின் அருமை கணிதத்திற்கு வரும்போதுதான் புலப்படும். நியூயார்க்கில் 1918-ஆம் ஆண்டு பிறவிக் குருடராய்ப் பிறந்த ஆபிரகாம் நெமெத் கணிதத்தில் பெருவேட்கை கொண்டவர். பார்வையற்றவர்க்குக் கணிதம் ஏற்றதன்று என்று அறிவுரையாளர்கள் தடுத்ததால் உளவியல் கற்றார். கற்றும் தக்க வேலை கிட்டவில்லை. வேலையற்ற உளவியலாளராய் இருப்பதை விட வேலையற்ற கணிதராய் இருக்கலாமே என்று அவர் மனைவியார் சொன்ன பின்னரே துணிந்து கணித வகுப்பிற் சேர்ந்தார் என்பர். (மனைவியர் சொல்லைக் கேட்பதில் சில நன்மைகள் உண்டு!) கணிதக் குறிகளுக்கு ஏற்ற புள்ளி எழுத்து இல்லாமையால் தாமே ஒன்றை அமைத்தார், 1952-இல் அமெரிக்காவில் அது ஏற்கப்பட்டது. 1955 முதல் முப்பது ஆண்டுகள் அவர் கணிதம் பயிற்றிய இடம் இயேசு சபையினரின் டெட்ராய்ட் பல்கலைக்கழகம். யூதரான அவருக்குக் கத்தோலிக்கக் கல்விச்சாலை ஒன்று கதவைத் திறந்தது என்பதில் நாமும் சிறிது மகிழலாம்.

நெமெத் செய்த மற்றொரு பணியும் உண்டு. தமக்கு நூல் படித்துக் காட்ட வருபவர் கணித வாய்பாட்டை எப்படி உச்சரிக்க வேண்டும் என்பதற்கு ஒரு முறையை வகுத்தார். இது ஏன் தேவைப்பட்டது? ஆறு கூட்டல் நான்கு வகுத்தல் இரண்டு என்று ஒருவர் படிப்பதாகக் கொள்வோம். ஆறையும் நான்கையும் கூட்டி இரண்டால் வகுத்தால் விடை 5. நான்கை மட்டும் வகுத்து ஆறுடன் கூட்டினால் விடை 8. கண்ணால் பார்ப்பவருக்குக் கோடு எங்கே நீள்கிறது என்பது தெரியும். காதால் கேட்பவருக்கு எப்படித் தெரியும்? பின்னம் தொடங்குகிறது, மேலே இன்னது, கீழே இன்னது, பின்னம் முடிகிறது என்று சொல்லியாக வேண்டும். கதை படிப்பதற்கு இனிய குரல் போதும். கணக்குப் படிப்பதற்குக் கணக்குத் தெரிந்த குரல் வேண்டும்.

கணினி வந்துவிட்டதே, இனி மனிதக் குரல் எதற்கு என்று சிலர் கேட்கலாம். கணினியின் உதவி பெரிது. அமெரிக்காவில் 2002-ஆம் ஆண்டு ஜிம் ஃபுருக்டர்மன் என்பவர் தொடங்கிய புக்‌ஷேர் நூலகத்தின் வரலாறே இதற்குச் சான்று. பார்வையற்றோர் பலர் தத்தம் வீட்டில் ஒரே புத்தகத்தைப் பக்கம் பக்கமாக ஸ்கேன் செய்து துன்புறுவதைக் கண்ட அவர், ஒருவர் செய்ததை எல்லாரும் பகிர்ந்து கொள்ளலாமே என்று எண்ணினார். தொண்டர்கள் ஸ்கேன் செய்தனர். வேறு தொண்டர்கள் பிழை திருத்தினர். அங்கும் முதலில் பெருகியவை தொண்டர் விரும்பிய கதைகள்தாம். 2007-இல் அந்நாட்டுக் கல்வித் துறை ஐந்தாண்டுக்கு 3 கோடியே 20 இலட்சம் டாலர் வழங்கி, மாணவர் கேட்கும் பாடநூல்களைத் தர வேண்டுமெனப் பணித்த பின்னரே கல்வி அலமாரி விரைந்து நிறைந்தது. இன்று அந்நூலகத்தில் பத்து இலட்சத்திற்கு மேற்பட்ட நூல்கள் உள்ளன. அன்பு மட்டும் வெற்றிடத்தை நிரப்பிவிடாது. எது இல்லை என்று பார்த்துப் பங்கிட்டுத் தரும் ஓர் ஒழுங்கும் வேண்டும்.

தமிழிலே அறிவியலும் வணிகமும் எழுதப்படவில்லை என்று எவரும் கருதற்க. பெரியசாமித் தூரன் அவர்களைப் பதிப்பாசிரியராகக் கொண்டு 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாக வெளிவந்த கலைக்களஞ்சியம் இருக்கிறது. கல்லூரிப் பாடங்களைத் தமிழிற் கற்பிப்பதற்காகத் தமிழ்நாட்டுப் பாடநூல் நிறுவனம் வெளியிட்ட நூல்கள் பல நூறு உள்ளன. அவற்றுட் பல இணையத்திலும் கிடைக்கின்றன. ஆனால் எவ்வடிவில்? பக்கங்களின் படங்களாக. கணினியின் குரலுக்குப் படம் வெற்றுத்தாள். படத்திலிருந்து எழுத்தைப் பிரித்தெடுக்கும் கருவிகள் இப்போது தமிழுக்கும் வந்துள்ளன. எனினும் அவை பழைய நூல்களில் தடுமாறுகின்றன. 1978-இல் எழுத்துச் சீர்திருத்தம் வருமுன் அச்சான நூல்களில் ணகர, லகர, னகர ஐகாரங்கள் துதிக்கை தூக்கி நிற்கும். ரகரமும் காலும் ஒன்றுபோல் தோன்றும். கருவி இவற்றை மாற்றிப் படித்துவிடும்.

கதையில் ஓர் எழுத்துப் பிழைத்தால் கேட்பவர் ஊகித்துக் கொள்வார். 'அரசன்' என்பது 'அாசன்' என்று வந்தாலும் கதை நின்றுவிடாது. கணக்கில் 3 என்பது 8 ஆகிவிட்டால்? அதைக் காட்டிக் கொடுக்க எந்த அடையாளமும் இல்லை. மாணவர் இரவு முழுதும் கூட்டிப் பார்த்தும் இருப்பாய்வு பொருந்தாது. குற்றம் தம்முடைய அறிவில்தான் இருக்கிறது என்று அவர் எண்ணிக் கொள்வார். கணிதமும் அறிவியலும் வணிகமும் எங்களுக்கு ஆகா என்று பார்வையற்ற பிள்ளைகள் பலர் சிறு வயதிலேயே முடிவு செய்து, வரலாற்றுக்கும் இலக்கியத்திற்கும் ஒதுங்குவதற்கு இதுவும் ஒரு காரணமாகும். வரலாறும் இலக்கியமும் குறைந்தவை அல்ல. ஆனால் விரும்பிச் செல்வது வேறு. வேறு கதவு இல்லாமையால் செல்வது வேறு.

கதவு திறந்தால் என்ன நிகழும் என்பதற்குச் சென்னையைச் சேர்ந்த பெனோ செபின் சான்று. லிட்டில் பிளவர் கான்வென்ட் பள்ளியிற் பயின்ற அவர், 2015-இல் இந்திய வெளியுறவுப் பணியிற் சேர்ந்தார். முழுப் பார்வையின்மையுடைய ஒருவர் அப்பணிக்கு வந்தது அதுவே முதன்முறை. திரையைப் படித்துக் காட்டும் கணினி அவருக்குத் துணை நின்றது. பெற்றோர் நூல்களையும் செய்தித்தாள்களையும் நாள்தோறும் படித்துக் காட்டினார்கள். இத்தகைய பெற்றோர் வாய்ப்பது பெரும்பேறு. ஆனால் தாய் வயல் வேலைக்கும் தந்தை கட்டட வேலைக்கும் செல்லும் வீட்டில், பொழுது சாய்ந்த பின் பொருளியலை யார் படித்துக் காட்டுவார்? அந்த வீட்டுப் பிள்ளைக்குத்தான் நூலகம் தேவை.

சட்டம் இப்போது நம் பக்கம் உள்ளது. முன்னெல்லாம் ஒரு நூலைப் பார்வையற்றோர்க்காக மாற்ற வேண்டுமென்றால் உரிமையாளருக்கு எழுதி இசைவு பெற வேண்டும். 2012-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத் திருத்தம் அத்தடையை நீக்கியது. இலாப நோக்கின்றி மாற்றித் தருவது குற்றமன்று. 2013-இல் மராக்கேஷ் நகரில் உருவான உலக உடன்படிக்கையை, 2014-இல் முதன்முதலாக ஏற்றுறுதி செய்த நாடு இந்தியாவே என்பது நமக்குப் பெருமை. 2016 ஆகஸ்டில் சுகம்ய புத்தகாலயா என்னும் இணைய நூலகத்தை நடுவண் அரசு தொடங்கி வைத்தது; நாடெங்குமுள்ள தொண்டு நிறுவனங்கள் மாற்றிய நூல்கள் அதில் ஒன்று சேர்கின்றன. ஆகவே ஓரிடத்தில் ஒருமுறை செம்மையாகச் செய்த நூல் எல்லா ஊர்க்கும் பயன்படும். சென்னை அண்ணா நூற்றாண்டு நூலகத்திலும், 2023-இல் திறக்கப்பட்ட மதுரை கலைஞர் நூற்றாண்டு நூலகத்திலும் மாற்றுத் திறனாளிகளுக்கெனத் தனிப் பிரிவுகள் உள்ளன. இடமும் உண்டு, இசைவும் உண்டு. இல்லாதவை நூல்கள்.

இனி எங்கள் வலையபட்டிக்கு வருவோம். செட்டிநாட்டின் இப்பகுதிக்கும் இப்பொருளுக்கும் என்ன உறவு என்று வாசகர் வினவக்கூடும். அண்மையிலுள்ள மேலைச்சிவபுரியில் 1909-இல் சன்மார்க்க சபை தோன்றியது. அதனோடு இணைந்து உழைத்தவர் மகிபாலன்பட்டிப் பண்டிதமணி கதிரேசனார். இளமையிலேயே கால் முடங்கி ஊன்றுகோலுடன் நடந்த அவர், பள்ளியில் நெடுநாள் பயிலாமலே தமிழிலும் வடமொழியிலும் தேர்ந்து, கௌடலீயத்தைத் தமிழாக்கும் அளவுக்கு உயர்ந்தார். உடற்குறை கல்விக்குத் தடையன்று என்பதை இம்மண் தன் கண்ணாலேயே கண்டிருக்கிறது.

இன்னொன்றும் உண்டு, அதுவே முதன்மையானது. இம்மண் கணக்கின் மண். பற்று, வரவு, பேரேடு, ஐந்தொகை என்னும் சொற்கள் இங்கே தாலாட்டோடு கேட்பவை. இந்தியன் ஓவர்சீஸ் வங்கி 1937-இல் தொடங்கியபோது காரைக்குடியிலும் சென்னையிலும் இரங்கூனிலும் ஒரே நாளில் கதவு திறந்தது. வங்கிகளிலும் தணிக்கை அலுவலகங்களிலும் முப்பது ஆண்டு, நாற்பது ஆண்டு உழைத்து ஓய்வு பெற்றோர் இன்று ஊர்தோறும் திண்ணையில் அமர்ந்து நாளிதழைப் புரட்டுகிறார்கள். வணிகவியலில் வெற்றிடம், வணிகம் தெரிந்த நாவுகள் ஓய்வில். இரண்டையும் சேர்த்து வைக்க ஆள் இல்லாததே குறை.

இடத்திற்கும் பஞ்சமில்லை. பூட்டிக் கிடக்கும் பெரிய வீடுகளின் உள்ளறைகள், சுண்ணாம்புச் சுவரின் கனத்தால், நகரத்து ஒலிப்பதிவுக் கூடத்துக்கு நிகரான அமைதி கொண்டவை. வளவில் புறாக்கள் முனகும். அது பெரிய தொல்லையன்று. திருவிழாக் காலத்து ஒலிபெருக்கிதான் தொல்லை. அந்த நாள்களில் பதிவை நிறுத்திவிட வேண்டியதே.

செய்முறை பற்றிச் சில சொற்கள். பேரேட்டுக் கணக்கு இரு பக்கமாக அச்சிடப்பட்டிருக்கும். வரி வரியாக இடமிருந்து வலமாகப் படித்துக் கொண்டு போனால் பற்றும் வரவும் கலந்து கேட்பவருக்கு ஒன்றும் விளங்காது. பற்றுப் பக்கத்தை முதலிலிருந்து கூட்டுத் தொகை வரை படித்து முடித்து, அதன் பின்னரே வரவுப் பக்கத்திற்குச் செல்ல வேண்டும். தொகையை இலக்கமாக ஒருமுறையும் எண்ணுப்பெயராக ஒருமுறையும் சொல்வது நன்று. வரைபடம் வந்தால் 'படத்தைக் காண்க' என்று படித்துவிட்டுத் தாண்டக் கூடாது. அப்படத்தில் என்ன உள்ளது என்பதை இரண்டு மூன்று வாக்கியத்தில் சொல்ல வேண்டும். இதற்கு முன்கூட்டியே எழுதி வைத்துக் கொள்வது நலம். ஒவ்வொரு பக்கத்தின் எண்ணையும் இயலையும் கூறிப் பதிய வேண்டும். டெய்சி முறையில் நூலை ஒழுங்கு செய்வோர், மாணவர் வேண்டிய பக்கத்துக்கு நேரே செல்ல வழி அமைப்பார்கள். பழைய ஒலிநாடாக் காலத்தில் 112-ஆம் பக்கத்தைத் தேடி அரை மணி நேரம் நாடாவைச் சுழற்றியவர்களைக் கேட்டால் இதன் அருமையைச் சொல்வார்கள்.

ஒருவர் படிக்க, மற்றொருவர் அச்சு நூலில் கண் வைத்துச் சரிபார்க்க வேண்டும். எண் நிறைந்த நூலுக்கு இது கட்டாயம். குரல் நடுங்குகிறதே என்று முதியோர் தயங்க வேண்டா. மாணவருக்கு வேண்டுவது பிழையற்ற எண்ணே. குரல் கொடுக்க விரும்பாதோர் படத்திலிருந்து பிரித்த எழுத்தைத் திருத்தும் பணியை மேற்கொள்ளலாம். இல்லத்தரசியர் குழந்தை வளர்ப்பு, நோய்க் காலப் பராமரிப்பு, சமையல் பற்றிய நூல்களை எடுத்துக் கொள்ளலாம். பார்வையற்ற தாய்மாரும் பிள்ளை வளர்க்கிறார்கள் அன்றோ? அவர்களுக்கான இந்த அலமாரி ஏறக்குறைய வெறுமையாகவே கிடக்கிறது.

நூலைத் தேர்ந்தெடுக்கும் முன் ஒரு நடை நடந்தாக வேண்டும். வட்டாரத்திலுள்ள மேனிலைப் பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் பார்வையற்ற மாணவர் எத்தனை பேர், எப்பாடம் பயில்கின்றனர், எந்த நூல் கிட்டாமல் இடர்ப்படுகின்றனர் என்று அவர்களிடமே கேட்டுக் குறித்து வர வேண்டும். பங்குதோறும் உள்ள வின்சென்ட் தே பவுல் சபையினருக்கு வீடு வீடாகச் செல்வது புதிதன்று. இப்பணிக்கு அவர்களே ஏற்றவர்கள். பின்னர், அந்நூல் சுகம்ய புத்தகாலயாவில் ஏற்கெனவே இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, இல்லையென்றால் மட்டும் தொடங்குக. நாளொன்றுக்கு ஒரு மணி நேரம் என்று வைத்துக் கொண்டாலும், சரிபார்ப்பையும் சேர்த்து ஒரு பாடநூலுக்கு இரண்டு மூன்று மாதம் ஓடிவிடும். பள்ளிகள் ஜூன் மாதம் திறக்கின்றன. தவக்காலத்திலேனும் தொடங்கினால்தான் முதல் நாள் வகுப்புக்கு அந்த மாணவியின் கையில் நூல் இருக்கும்.